படம் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பேச விடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் திரையரங்க உரிமையாளர்களுக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி முடிந்து, வேலூரில் ஒரு திரையரங்கின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நான், என் தங்கை, அவளுடைய மாமியார், இடைவேளையில் பழக்கமான இன்னும் ஐந்தாறு பேர். பார்த்த படத்தைப் பற்றித்தான் பேச்சு. கல்லூரிப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "அம்மா, படம் எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டான். நான் இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். வாசலில் நின்ற ஊழியர் வேகமாக வந்து கைப்பேசிக்கு முன்னால் கையை வைத்து மறைத்தார். "படத்தைப் பற்றி இங்கே பேசக் கூடாது. மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள். கிளம்புங்கள்" என்றார். தங்கையின் மாமியாருக்கு 72 வயது. முழங்கால் வலியோடு படியில் உட்கார்ந்திருந்த அவரையும் எழுப்பி அனுப்பினார்கள்.

அந்த ஊழியர் மீது எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைச் செய்கிறவர் அவர். அவர் 'மேலே' என்று காட்டிய இடத்தில் இருக்கிறவர்கள் நீங்கள்.

2024 நவம்பரில் உங்கள் சங்கங்களில் ஒன்று திரையரங்க உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவர்களிடம் கருத்து கேட்கும் யூடியூப் சேனல்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றது. அதைத் தொடர்ந்து, படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களையே தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனீர்கள். அந்த டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கியது என்றும் சொன்னது. நீதிமன்றத்தில் கிடைக்காததை இப்போது வாசலில் ஓர் ஆளை நிறுத்திச் செய்துகொள்கிறீர்கள். அதுவும் முதல் நாள் இல்லை, முதல் காட்சியும் இல்லை. எங்களிடம் கேட்ட அந்தப் பையனுக்குச் சேனல் இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. பேசியதுதான் குற்றமாகப் போயிற்று.

படத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் படத்தைக் குறை சொல்வதற்காக உட்கார்ந்து எழுதவில்லை. அதில் எனக்குப் பிடித்த இடங்களும் உண்டு. தாத்தா தொடங்கிய தொழில். அண்ணன் தம்பி இருவர். அண்ணன் நம்புகிறார், தம்பி ஏமாற்றுகிறார். ஒரு கையெழுத்தில் சொத்தெல்லாம் கைமாறுகிறது. கடைசியில் அம்மாவின் மரணப் படுக்கையில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இப்படி ஆண்டுக்கு நான்கைந்து படங்களாவது எடுக்கிறீர்கள். நாங்களும் போய்ப் பார்க்கிறோம். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூருக்குப் பஸ் பிடித்து வந்து பார்க்கிறோம். அன்றைக்கு மூன்று டிக்கெட், பஸ், இடைவேளைக் காபி எல்லாம் சேர்த்து 830 ரூபாய் ஆயிற்று.

அந்தப் பையனிடம் நான் சொல்ல நினைத்து முடிக்காமல் போனதை இங்கே முடிக்கிறேன்.

என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி வியாபாரி. தாத்தா காலத்துத் தொழில். நூல் வாங்கி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, பாவு (நெடுக்கு நூல்) ஓட்டி, ஊடை (குறுக்கு) நூலோடு தறிக்காரர்களிடம் கொடுப்போம். நெய்து வந்த துணியை மடித்து, லேபிள் ஒட்டி, சிப்பம் கட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்புவோம். அப்பாவுக்குக் கொள்முதலும் தறிக்காரர்களும். சித்தப்பாவுக்கு விற்பனையும் வசூலும். எனக்குப் பேரேடு. பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து பற்று வரவு நான்தான் எழுதினேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் செவிவழிச் செய்தி என்று எதுவும் இல்லை.

2004-ல் ஒரு நாள், திரும்பி வந்த ஒரு சிப்பத்தைப் பிரித்தோம். சாயம் சரியில்லை என்று கல்கத்தா வியாபாரி திருப்பி அனுப்பியிருந்தார். அது நாங்கள் அனுப்பிய சரக்கே இல்லை. லேபிள் மட்டும் எங்களுடையது. அதே பச்சைக் கிளி, அதே சிவப்பு வளையம், அதே எழுத்து. கீழே இருந்த முகவரி மட்டும் வேறு. அப்பா திண்ணை வெளிச்சத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய், கட்டைவிரல் நகத்தால் முகவரியைச் சுரண்டிப் பார்த்தார். மேலே ஒட்டியிருக்கலாம், அடியில் பழைய முகவரி இருக்கும் என்று நினைத்தார் போலும். லேபிள் துணிதான் நூல் நூலாகப் பிரிந்தது. அந்தக் கிளி மார்க்கைச் சித்தப்பா தன் மகன் பெயரில் பதிவு செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. நூல் கடன் மட்டும் முழுவதும் அப்பா கணக்கிலேயே நின்றது.

அப்பா கத்தவில்லை. சித்தப்பாவின் சட்டையைப் பிடிக்கவில்லை. மழை கொட்டவில்லை. லேபிளை மடித்து என்னிடம் கொடுத்து, "பேரேட்டில் வை" என்றார். அவ்வளவுதான்.

வக்கீலிடம் போனோம். கூட்டு வியாபாரத்துக்குப் பத்திரம் இருக்கிறதா என்றார். இருந்தது. பதிவு செய்திருக்கிறதா என்றார். இல்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பதிவு என்று விட்டிருந்தார்கள். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர், அந்த ஒப்பந்தத்தில் தனக்குள்ள உரிமையைக் கேட்டு இன்னொரு பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அது ஒன்றுதான் வழி என்றார் வக்கீல். அப்பா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி பேரில் வழக்குப் போட்டுவிட்டுக் கெங்கையம்மன் சிரசுக்கு எந்த முகத்தோடு தேரடியில் நிற்பேன்?" என்றார். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் அம்மன் சிரசு ஊர்வலத்துக்கு ஊரே வெளியில் வந்து நிற்கும். அங்கே யாரும் யாரையும் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

எட்டு ஆண்டுகள் நூல் கடன் அடைத்தோம். அப்பா இறந்த அன்று சித்தப்பா வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். நான் அவருக்குக் காபி கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம். அவர் பேரனுக்கு நான் மொய் வைத்திருக்கிறேன். மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் எடுக்கும் படங்களில் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிட உச்சக்காட்சியில் பதில் கிடைத்துவிடுகிறது. வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இருபது ஆண்டுகள் ஆகியும் கிடைப்பதில்லை. இதைத்தான் அந்தப் பையனின் கைப்பேசியில் சொல்ல வாயெடுத்தேன்.

நான் மட்டும் பேசவில்லை. அந்தப் படிக்கட்டில் அன்றைக்குப் பேசியவர்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியதாகச் சொன்ன பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னது என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. "இவ்வளவு பெரிய தொழிலில் ஒரு கணக்குப்பிள்ளையைக்கூடக் காட்டவில்லையே! கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் எந்தத் துரோகமும் நடக்காது. தெரிந்தும் அவன் வாயைத் திறக்க முடியாது. இரண்டு முதலாளிக்கும் நடுவில் அவன் படுகிற பாட்டை எடுத்தால் அதுதான் படம்" என்றார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிலில் ஊறிய குடும்பங்கள் எத்தனையோ. பங்காளிகள் கூடித் தொடங்கி, பிரிந்து, மறுபடி கூடிய கதை அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். அந்தக் கதைகளை உள்ளே இருந்து பார்த்த மனிதர் அவர். நூறு ரூபாய் செலவில்லாமல் உங்களுக்கு ஒரு கதையைத் தூக்கிக் கொடுத்தார். கேட்க அங்கே யாரும் இல்லை.

பீடி சுற்றும் அம்மா ஒருவர், கையெழுத்துக் காட்சியில் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றார். படத்தில் தம்பி, ராத்திரி அண்ணனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார், காலையில் வீடு அவருடையதாகிவிடுகிறது. அந்த அம்மா கால் சென்ட் வீட்டுமனைக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தவர். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத்தாள் வேண்டும், சாட்சி வேண்டும், எழுதிக் கொடுக்கிறவரே போய் விரல் ரேகை வைத்து, பதிவும் ஆக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "ஒரு தாளில் எழுதி வாங்குவதாக இருந்தால் நான் ஏன் ஆறு தடவை போனேன்?" என்று கேட்டார். 1908-ஆம் ஆண்டிலிருந்து பதிவுச் சட்டம் இருக்கிறது. கதை எழுதுகிறவர் ஒரு நாள் போய் அந்த அலுவலக மரத்தடியில் உட்கார்ந்தால் போதும். சட்டப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தும் ஒருவன் எப்படி ஏமாறுகிறான் என்பதை அங்கே பார்க்கலாம். அது இந்த ராத்திரிக் கையெழுத்தைவிடப் பயங்கரமானது.

என் தங்கை கேட்ட கேள்வி இது. அந்த வீட்டில் ஒரு மகளும் இருக்கிறாள். சீர்த்தட்டோடு வருகிறாள், அழுகிறாள், போகிறாள். சொத்தைப் பிரிக்கும்போது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது. அது அமலுக்கு வந்த தேதிக்கு முன் கல்யாணமாகாத பெண்களுக்கு அந்தப் பங்கு கிடைத்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. "என் கையெழுத்து இல்லாமல் தாத்தா வீட்டை யாரும் எழுத முடியாது. படத்தில் மட்டும் நான் எங்கே போனேன்?" என்று அவள் கேட்டாள். அதோடு, துரோகத்துக்குக் காரணமாக அந்த வீட்டுக்கு வாழ வந்த இளைய மருமகளைக் காட்டியிருக்கிறார்கள். அவள் தூபம் போட்டதால் தம்பி கெட்டானாம். எங்கள் சித்தியையும் ஊர் அப்படித்தான் சொல்லியது. பேரேடு எழுதியவள் சொல்கிறேன், அவருக்கு எதுவும் தெரியாது. லேபிள் மாறியது எங்களுக்குத் தெரிந்து மூன்று மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்த அன்று வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சித்தியை நீங்கள் ஒருநாளும் படத்தில் காட்டியதில்லை.

படம் பிடித்திருந்தது என்று சொன்னவர்களும் அங்கே இருந்தார்கள். தங்கையின் மாமியார் அம்மா பாத்திரத்துக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். இளைஞன் ஒருவன், வியாபாரத்தில் அண்ணனும் கணக்குக் கேட்காமல் இருந்தது தப்புதானே என்று தம்பி பக்கம் பேசினான். அவனோடு நான் வாதாடினேன். பாதி அவன் சொன்னது சரி என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அப்பா இருபது ஆண்டுகள் விற்பனைக் கணக்கைப் புரட்டியே பார்த்ததில்லை. இதை யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை. ஒரு படமும், அதைப் பற்றிய ஒரு சண்டையும் சேர்ந்து அதை ஒத்துக்கொள்ள வைத்தன. ஒரு குடும்பப் படத்தால் இதைவிடப் பெரிதாக என்ன செய்ய முடியும்? அந்தப் பேச்சைத்தான் நடுவில் நிறுத்தினீர்கள்.

உங்கள் பக்கத்து வலியும் எனக்குத் தெரியாமல் இல்லை. படம் பாதி ஓடும் முன்பே வெளியே வந்து மைக்கில் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நடிகர்களின் உடம்பையும் வீட்டையும் இழுத்துப் பேசுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வசனத்தை நான்கு சேனலில் சொல்கிறார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவருக்கு அது எவ்வளவு எரியும் என்பது நூல் கடனில் எட்டு ஆண்டு கிடந்த குடும்பத்துக்குப் புரியும். எனக்கே ஓர் அனுபவம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு படம் பார்த்துவிட்டு நான்கு நிமிடம் நிதானமாகப் பேசினேன். நல்லதும் சொன்னேன், கெட்டதும் சொன்னேன். 'படம் தேறாது' என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, என் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் போன் செய்து கேட்டார்கள். கூசிப்போனேன். ஆகவே வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அதற்கு மருந்து எங்கள் வாயை அடைப்பதா? அவதூறு என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. சொன்னவர் மேல் வழக்குப் போடுங்கள். நாங்கள் அழுதால் அதே வாசலில், அதே மைக்கில் பதிவாகிறது. 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்' என்று கண்ணைத் துடைக்கும் அம்மாக்களை நீங்களே விளம்பரத்தில் போடுகிறீர்கள். அந்த அம்மா அனுமதி கேட்டா அழுதார்? எங்கள் கண்ணீர் உங்களுக்கு வேண்டும் என்றால் எங்கள் கேள்வியும் கூடத்தான் வரும். 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் உங்கள் பக்கம் நின்றது. சிலர் எதிர்ப்பார்கள் என்ற பயத்துக்காகப் படைப்பாளியின் கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்று, உயர் நீதிமன்றம் ரத்து செய்த தணிக்கைச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. அன்றைக்கு நீங்கள் எந்த உரிமையின் பேரில் நின்றீர்களோ அதே உரிமையில்தான் நானும் அந்தப் படிக்கட்டில் நின்றேன்.

நீங்கள் கேட்ட மூன்று நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு. தறி ஓட்டுகிற, பீடி சுற்றுகிற, காலணிக்கு அப்பர் (மேல்பாகம்) தைக்கிற குடும்பங்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. வெள்ளிக்கிழமை பார்த்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கூலியை டிக்கெட்டில் போடலாமா என்று முடிவெடுப்போம். அந்த மூன்று நாள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது, சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டு என்று சொல்வதுதான். கல்கத்தா வியாபாரி எங்களுக்குச் சிப்பத்தைத் திருப்பி அனுப்பினாரே, அவர் அனுப்பாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களுக்கே தெரிந்திருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். திரையரங்க உரிமையாளர்களே, படம் முடிந்து வாசலில் நின்று பேசுகிறவர்களை விரட்டும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஊழியர்களுக்கு அதை எழுத்தில் சொல்லுங்கள். காட்சி நடக்கும்போது கைப்பேசி எடுக்கக் கூடாது என்பது நியாயம், அதை நாங்களும் கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் நெரியும் என்று பயந்தால் வளாகத்தில் ஓர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுங்கள், வயதானவர்கள் உட்கார நான்கு நாற்காலியோடு.

தயாரிப்பாளர்களே, 2024-ல் விடுத்த அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெறுங்கள். பேசியவரின் சம்மதம் இல்லாமல் வெட்டிப் போடக் கூடாது என்று சேனல்களிடம் கேளுங்கள்; அந்தக் கோரிக்கையில் நாங்கள் உங்களோடு நிற்போம். உங்கள் விளம்பரத்துக்கு எங்கள் முகத்தைப் பயன்படுத்தும்போதும் அதே சம்மதத்தை எங்களிடம் வாங்குங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு திரையரங்கிலாவது தடிமனான ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பெயர் போடாமல் எழுத விடுங்கள். படம் ஓடி முடிந்ததும் இயக்குநரும் கதாசிரியரும் அதை வாங்கிப் படிக்க வேண்டும்.

அடுத்த முறை அண்ணன் தம்பி கூட்டுத் தொழில் என்று கதை எழுத உட்காரும்போது குடியாத்தத்துக்கு ஒருவரை அனுப்புங்கள். அப்பாவின் பேரேடு வீட்டில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அந்த லேபிளும் இருக்கிறது, நகத்தால் சுரண்டிய இடத்தோடு. எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து
ஒரு லுங்கி வியாபாரியின் மூத்த மகள்